முதல் மார்க் மட்டும் அடையாளம் அல்ல

சொன்னதும் பிடித்துக்கொண்டு, பாக்கி நேரம் சும்மா இருக்க முடியாமல் வகுப்பில் திட்டு வாங்குகிற பிள்ளையைக் கவனியுங்கள். மீத்திறன் பல நேரம் சேட்டையாகத்தான் தெரியும். கணிதமேதை ராமானுஜனே கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர்தான்.

பிள்ளை கேட்கும் கேள்விகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள். வெறும் புகழ்ச்சியைவிட அது நன்றாகப் பேசும்.

தெரிந்த கணக்கையே இருபது முறை போடவைக்காதீர்கள். யோசிக்கவைக்கும் ஒன்று போதும். நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். வகுப்பைத் தாண்டிச் சேர்க்க அவசரம் வேண்டாம், விளையாட்டுத் தோழர்களும் தேவை.

பிள்ளை அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் 8ஆம் வகுப்புப் படித்தால் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வைத் தவறவிடாதீர்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோர் வருமான வரம்பு உண்டு. கிராமப்புறப் பள்ளி என்றால் 9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான், எனவே பள்ளி திறந்ததுமே தலைமையாசிரியரிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லி வையுங்கள்.