கைமாறும் வரைபடம்

தாளில் வரைந்த படத்தை யாவர் நோக்கினும் கோடு கோடாகவே தோன்றும். கணினியில் வரைந்த படம் அத்தன்மைத்தன்று. கோப்பினுள் அது எண்களாகவே கிடக்கின்றது. திறக்கும் மென்பொருள் அவ்வெண்கட்குப் பொருள் கொண்ட பின்னரே படமாகின்றது. வரைந்தார் கருதிய பொருள் ஒன்றும் மென்பொருள் கொண்ட பொருள் பிறிதொன்றுமாயின் பிழை நேரும். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், மூலத்திற்கும் உரைக்கும் உள்ள வழக்கும் இஃதேயன்றோ!

திருவேங்கடம் வட்டத்தில் ஒருவர் வீடு கட்டப் புகுந்தால் அவர் மனையின் படம் ஒருவர் கையோடு நில்லாது. நில அளவையாளர், பொறியாளர், கம்பி கட்டுவோர், ஒப்புதல் வழங்கும் அலுவலர் எனப் பலர்பாற் செல்லும். அவர்தம் மென்பொருள்களும் ஒருபடித்தானவையல்ல. ஆகலின் பிழை புகுந்த இடத்தை முறையே தேடுதல் வேண்டும்.

கோப்பு திறவாதாயின் முதற்கண் நோக்கற்பாலது அதன் பதிப்பு. 1982ஆம் ஆண்டு வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளின் டி.டபிள்யூ.ஜி. வடிவம் பன்முறை மாறியுளது. நோட்பேடில் அக்கோப்பைத் திறந்தால் முதல் ஆறு குறிகளே பதிப்பை உணர்த்தும், ஏ.சி.1027 எனின் 2013ஆம் ஆண்டு வடிவம், ஏ.சி.1032 எனின் 2018ஆம் ஆண்டு வடிவம். பழைய மென்பொருள் புதிய வடிவத்தை அறியாது. அனுப்பினாரையே பழைய வடிவிற் சேமித்து அனுப்பச் செய்தல் எளிது. இப்பதிப்பு வேற்றுமையைச் சிறிதென்று எண்ணற்க. ஏர்பஸ் ஏ380 விமானத்திற்கு ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பிலும் துலூஸில் ஐந்தாம் பதிப்பிலும் படம் வரைந்தனர். மின்கம்பிகள் நீளம் போதாமல் பொருந்தாதொழிந்தன. முதல் விமானம் 2007 அக்டோபரிலேதான் கையளிக்கப்பெற்றது.

படத்தோடு இணைத்த பிற படங்கள் காணப்படாவெனின் அவை அனுப்பினார் கணினியிலேயே தங்கிவிட்டன என்க. ஈ-டிரான்ஸ்மிட் என்னும் கட்டளை அனைத்தையும் ஒரு கட்டாக்கித் தரும்.

எழுத்துப் பிழை நமக்குரிய பகுதி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று நாம் காண்பது கோப்பினுள் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். பெறுவாரிடம் பாமினி இல்லையேல் அவ்வாங்கில எழுத்துக்களே வெளிப்படும். லதா முதலிய ஒருங்குறி எழுத்துருவை இட்டாலும் தீராது. சொற்களையே ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றதாயினும் பழைய படங்கள் பழைய கோலத்திலேயே உலவுகின்றன.

ஒருங்குறிச் சொற்கள் வினாக்குறிகளாகத் தோன்றினால் காரணம் இரண்டிலொன்றாம். எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாமை ஒன்று. எழுத்துருவை மாற்றியவுடன் சொல் மீளும். கோப்பை வடிவு மாற்றுங்கால் எழுத்தே வினாக்குறியாகப் பதிவாதல் மற்றொன்று. அது மீளாது, புதிதாகவே எழுதல் வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குப் புலனாகும் பிழைகள். அலகுப் பிழையோ வாய் திறவாதது. கோப்பும் திறக்கும், படமும் அழகாயிருக்கும். பழைய நில அளவை சங்கிலியாலாயது. ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 100 லிங்க். இன்றும் நாம் வழங்கும் சென்ட் 1000 சதுர லிங்க்கேயாம். படத்தில் 150 என்றிருப்பது லிங்க்காயின் 99 அடி, அல்லது 30.175 மீட்டர். அலகைக் குறிக்கக் கோப்பில் ஓரெண் உண்டு: 1 அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 6 மீட்டர். அது 0 ஆயின், ஒரு படத்தை மற்றொன்றிற் சேர்க்குங்கால் மென்பொருள் தன் அமைப்பிலுள்ள ஓர் அலகைத் தானே கொள்ளும். இதனினும் நுண்ணியது ஒன்றுளது. 30 அடி 6 அங்குலத்தை 30.6 என்றெழுதுவாரும் உளர். கணினி அதனை 30 அடி 7.2 அங்குலமாகவே கொள்ளும். அவ்வேறுபாடு திரையிற் தெரியாது. அண்டை வீட்டார் சுவரிற் தெரியும்.

ஆதலின் படத்தை அனுப்புமுன் அதன் மூலையில் ஒரு கோட்டை வரைந்து, ‘10 மீட்டர், திருவேங்கடம்’ என்றெழுதி விடுக. பெற்றவர் முதலில் அக்கோட்டை அளக்க. 10 எனின் அலகு மீட்டர், 10,000 எனின் மில்லிமீட்டர், 393.7 எனின் அங்குலம், 32.81 எனின் அடி, 49.71 எனின் லிங்க். ஊர்ப்பெயரையும் உற்று நோக்குக. கோப்பில் வகரம் முன்னும் ஏகாரக் குறி பின்னுமாகவே பதிவாகும். திரையில் அக்குறி வகரத்தின் இடப்புறம் ஏறி ‘வே’ என்று நின்றால் எழுத்தும் பழுதின்றி வந்ததென்று கொள்ளலாம்.