தட்டினால் தெம்பு வரும்: மலைக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கொஸ்லந்த, பூனாகலை, மீரியாபெத்தைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு உடம்பு பிடித்துவிட ஆள் தேட நேரம் ஏது? விடியுமுன் அடுப்பு, பிறகு பிள்ளைகள், பிறகு பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு). அந்தியில் திரும்பினால் மறுபடி அடுப்பு. ஆனால் தன் கையாலேயே தட்டிவிட்டுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். இது நமக்குப் புதிதும் இல்லை. சித்த வைத்தியத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுவது, ஒன்பது வகை. அந்த வரிசையில் முதலாவது ‘தட்டல்’. சீனர்களும் உடற்பயிற்சியோடு சேர்த்து இதைச் செய்கிறார்கள். தட்டிய இடத்தில் இரத்த ஓட்டம் கூடும், சூடு பிறக்கும், இறுகிய சதை இளகும், தூக்கக் கலக்கம் விலகும். சீனி வருத்தமும் பிரஷரும் தட்டியே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

1. முதலில் கையைப் பழக்குங்கள். தண்ணீர் அள்ளுவது போல உள்ளங்கையைக் குவித்து, மணிக்கட்டைத் தளரவிட்டுத் தட்ட வேண்டும். ‘பொத் பொத்’ என்று கேட்டால் சரி. ‘பளார்’ என்று கேட்டால் கை விறைத்திருக்கிறது. சதைப் பிடிப்பான இடத்தில் முஷ்டியைத் தளர்வாக மடக்கித் தட்டலாம். எலும்பு தெரிகிற இடத்துக்கு விரல் நுனி போதும்.

2. பெரட்டுக்கு முன், இஸ்தோப்பில் நின்றபடியே: இடது கையை நீட்டி, தோளிலிருந்து உள்பக்கமாக விரல் வரை தட்டிக்கொண்டு இறங்குங்கள்; புறங்கை வழியாகத் தோளுக்கு ஏறுங்கள். மூன்று முறை. பிறகு வலது கை. காலையில் வேகமாகத் தட்ட வேண்டும், அப்போதுதான் சுறுசுறுப்பு வரும். இரவில் அதே தட்டலை மெதுவாகச் செய்தால் உடம்பு அடங்கும்.

3. தோளும் பிடரியும்தான் கொழுந்து எடுக்கிறவர்களை அதிகம் வருத்துகிற இடம். கூடை போய்ச் சாக்கு வந்த பல தோட்டங்களிலும் கயிறு இன்னும் தலையில்தான் கிடக்கிறது. பாரம் முதுகில் தொங்கினாலும் அதை இழுத்துப் பிடிப்பது கழுத்து. வலது கை முஷ்டியால் இடது தோளின் மேல்சதையைத் தட்டுங்கள். வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டால் தட்டுகிற கை சோராது. ஒரு தோளுக்கு ஒரு நிமிஷம். பிறகு மண்டையோடு முடிகிற இடத்துக்குக் கீழே, முதுகெலும்புக்கு இரு பக்கமும் உள்ள சதையில் விரல் நுனியால் மெல்லத் தட்டி, தலையை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். கழுத்தின் முன்பக்கமும் நாடி துடிக்கிற பக்கவாட்டும் தட்டக் கூடாத இடங்கள். நிறுவைக்குக் கொழுந்தைக் கொட்டிவிட்டுக் காத்து நிற்கும்போது இதைச் செய்யலாம். பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். நாளைக்கு அவரும் தட்டுவார்.

4. நாள் முழுக்கக் கிள்ளிய விரல்களுக்கு: இரண்டு கை விரல் நுனிகளையும் ஒன்றோடொன்று தட்டுங்கள். பிறகு கட்டைவிரல் அடியிலுள்ள தடித்த சதையை மறுகை முஷ்டியால் தட்டி, கைகளைத் தொங்கவிட்டு உதறுங்கள். கவ்வாத்துக்குப் போகும் ஆண்களுக்கு முன்கைச் சதைதான் இறுகிக் கிடக்கும். அதற்கும் இதே வைத்தியம். வெடிப்பும் வெட்டும் உள்ள விரலை விட்டுவிடுங்கள்.

5. இடுப்பு. குனிந்து நின்று இரு முஷ்டியாலும் இடுப்பில் ‘டம் டம்’ என்று குத்துகிறவர்களைப் பார்க்கிறோம். அது தவறு. கடைசி விலாவுக்குக் கீழே இரு பக்கமும் சிறுநீரகம் இருக்கிறது. அங்கே பலமாகக் குத்தக் கூடாது. அதற்கும் கீழே, பின்பக்கச் சதையில் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம். இடுப்பு வலியில் பாதி அங்கேதான் பிடித்துக்கொண்டிருக்கும். முதுகெலும்பின் மேல் கை படக் கூடாது.

6. ஏற்றம் ஏறி இறங்கிய கால்களுக்கு: வாசற்படியில் உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து தொடை நோக்கித் தட்டி ஏறுங்கள். கெண்டைக்காலுக்குக் குவித்த கை, தொடைக்கு முஷ்டி. அட்டை கடித்து இரத்தம் கசிகிற இடத்தைத் தொடாதீர்கள்.

7. தலைக்கு விரல் நுனி மட்டும், மழைத் தூறல் அளவுக்கு.

8. வறண்ட தோலில் தட்டினால் எரியும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது சொல்லவே வேண்டாம். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிற அதே காற்று, அதை எடுக்கிறவர்களின் தோலை உரித்துவிடுகிறது. இளஞ்சூடான நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். சித்தாலேப பூசுவதானால் தட்டி முடித்த பிறகு பூசுங்கள். பூசிய கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

9. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படுத்தால் நெஞ்சு படபடக்கிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்தவர்களுக்கு அது இயல்புதானே. கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே விரல்களால் மிக மெதுவாகத் தட்டியபடி, மூச்சை இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள், படபடப்பு குறையும். ஆனால் சுவரிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்பு கண்டாலும், இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் ஊறினாலும் தட்டிக்கொண்டு இருக்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

10. காய்ச்சல்காரர், எலும்பு முறிந்தவர், கண்டல் காயம் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தட்டக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றையும் இடுப்பையும் விட்டுவிட வேண்டும். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் அதன் மேல் கை வைக்காதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். தட்டவோ தேய்க்கவோ செய்யாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பேர் (அன்றைய நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை.