மூக்கடைப்பும் இரவில் தடைப்படும் மூச்சும்

குறட்டை எங்கள் வீடுகளில் ஒரு பகிடி. "அப்பா நித்திரை கொண்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா சிரிப்பதில்லை. குறட்டை திடீரென நின்று, பத்து இருபது செக்கன்கள் ஒரு சத்தமும் இல்லாமல் போய், பிறகு திணறலோடு மூச்சு திரும்புவதை இருட்டில் கேட்டுக்கொண்டு கிடப்பவர் அவர்தான்.

இதுவே 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதை மூடிக்கொள்கிறது. இப்படி மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் குறைவாக நடந்தால் பெரியவர்களில் அது வழமை. 30 தடவைக்கு மேல் என்றால் நோய் கடுமை. ஒவ்வொரு தடவையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பிவிடும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது. களைப்பு மட்டும் இருக்கும். அந்தக் களைப்போடு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. இரத்த அழுத்தமும் இதனால் உயரும்.

மூக்குக்கு இதில் என்ன வேலை? குளிர்பானத்தைக் கடதாசி ஸ்ரோவால் குடிக்கும்போது அதன் நுனியை நசுக்கிக்கொண்டு பலமாக உறிஞ்சிப் பாருங்கள். நடுப்பகுதி ஒட்டிக்கொள்ளும். அலர்ஜியால் மூக்கின் உட்தோல் வீங்கும்போது தொண்டைக்கும் இதே கதிதான். படுத்தவுடன் அடைப்பு இன்னும் கூடும். வாயால் மூச்சுவிடத் தொடங்கினால் கீழ்த்தாடை இறங்கி, நாக்கு மேலும் பின்னால் போகும்.

ஒன்ராறியோவில் வசந்தத்தில் மரங்களின் மகரந்தம், கோடை தொடங்கப் புல், ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து முதல் உறைபனி வரை ராக்வீட். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிக்குப் பருவமே இல்லை. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை நல்ல சுடுநீரில் தோய்ப்பது உதவும். குளிர்காலத்தில் யன்னல்களை எல்லாம் பூட்டிவிட்டுச் சாம்பிராணி போடுகிறோமே, அந்தப் புகையும் மூக்கை உறுத்தும். சாமி கோபிக்கமாட்டார், குறைத்துக்கொள்ளலாம்.

மருந்தில் எங்களவர்கள் செய்வது பெரும்பாலும் தலைகீழ். உடனே மூக்கைத் திறக்கும் ஸ்பிறேயை மாதக்கணக்கில் அடிப்பார்கள். மூன்று நான்கு நாட்களுக்கு மேல் போனால் அதுவே அடைப்பைக் கூட்டிவிடும். ஸ்ரீரோயிட் ஸ்பிறே என்றாலோ பெயரைக் கேட்டே பயம். அதன் அளவு மிகச் சிறியது. பெரும்பாலும் மூக்குக்குள்ளேயே வேலை செய்யும். ஆனால் தினமும் பாவிக்கவேண்டும். முழுப்பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவோர் கொதித்தாறிய நீரையே பாவிக்கவேண்டும். பழைய வகைத் தும்மல் மாத்திரைகள் மறுநாளும் தூக்கத்தைத் தரக்கூடியவை, வாகனம் ஓட்டுவோர் கவனிக்கவும்.

மூக்கு திறந்ததும் நோய் போய்விட்டது என்று எண்ணவேண்டாம். குறட்டை குறையலாம், நித்திரை தெளியலாம். நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை அதனால் மட்டும் மாறாது. 2008இல் ரொறன்ரோவில் மருத்துவர் பிரான்சிஸ் சங் குழுவினர் வெளியிட்ட எட்டுக் கேள்விகளை இன்றும் மருத்துவர்கள் கேட்கிறார்கள்: பலத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, உயர் இரத்த அழுத்தம், மிகையான உடல்பருமன், 50க்கு மேல் வயது, 40 சென்ரிமீற்றருக்கு மேல் கழுத்து, ஆணாக இருத்தல். மூன்றுக்கு ஆம் என்றால் பரிசோதனை தேவை. இதில் மூக்கு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதை நீங்களே சொல்லவேண்டும். ஏனெனில் சிகிச்சைக்குக் கொடுக்கப்படும் 'சீபாப்' இயந்திரம் அநேகமாக மூக்கு வழியாகவே காற்றை அழுத்தித் தருகிறது. மூக்கடைப்போடு அதைப் போட்டுப் பார்த்து, ஒரே வாரத்தில் அலுமாரிக்குள் வைத்தவர்கள் பலர். அவர்கள் மூக்கைக் கவனித்துவிட்டு மீண்டும் முயலலாம்.

பிள்ளைகளில் இது வேறு மாதிரித் தெரியும். பகலில் தூங்கி வழியாமல் துருதுருவென்று இருப்பார்கள், வகுப்பில் கவனம் நிற்காது. வாயைத் திறந்தபடி தினமும் குறட்டை விடும் பிள்ளைக்கு அலர்ஜியோடு தொண்டைச் சதை, மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியையும் பார்க்கவேண்டும்.

குடும்ப வைத்தியர் எழுதிக்கொடுத்தால் உறக்கப் பரிசோதனைக்கு ஓஹிப் செலுத்தும். வைத்தியரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிச்செல்லுங்கள். அவர் வர முடியாவிட்டால், ஓர் இரவுக் குறட்டையைக் கைத்தொலைபேசியில் பதிந்து கொண்டுபோங்கள்.