மைக் நம் கைக்கு வரட்டும்



பதிவேடு எழுதக் கற்றுக்கொண்டோம். வங்கியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டோம். இந்த இதழில் நாம் கற்றுக்கொள்ளப் போவது கம்பியில்லா மைக்கைப் பொருத்தவும் பயன்படுத்தவும். "அது மைக் செட்காரர் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நமது மகாசபை நடந்தது. மேடையில் வயர் மைக். உறுப்பினர்கள் பேசுவதற்கென்று ஒரு கம்பியில்லா மைக்கை வாடகைக்கு எடுத்திருந்தோம். கடைசி வரிசையில் இருந்து ஒரு அக்கா எழுந்தார். "நான் கட்டுன கடன் தவணை மூணு மாசமா பாஸ்புக்குல..." என்று ஆரம்பித்தார். மைக் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. மேடையில் இருந்து, "கேக்கலக்கா, உக்காருங்க, பெறகு பேசுவோம்" என்றோம். அவர் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்தது. அந்தப் 'பெறகு' வரவே இல்லை. தீர்மானப் புத்தகத்திலும் அவர் பேச்சு ஏறவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் தணிக்கையின்போதுதான் தெரிந்தது, அந்தக் குழுவில் பல பேருடைய தவணை வரவு வைக்கப்படாமலே இருந்தது. அந்த அக்காவிடம் கேட்டோம். "அன்னிக்கு இதைத்தான்த்தா சொல்ல வந்தேன். மைக்கு நின்னு போச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெக்கமாப் போச்சு, உக்காந்துட்டேன்" என்றார்.

மைக் நின்றதற்குக் காரணம் தீர்ந்துபோன இரண்டு பேட்டரி கட்டைகள். ஆனால் தவறு எங்களுடையது. கூட்டத்துக்கு முன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த வயர் மைக்கை இழுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுக்கவும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எப்படி வேலை செய்கிறது?

வயர் மைக் இருக்கிற இடத்துக்குப் பேசுகிறவர்தான் போக வேண்டும். கம்பியில்லா மைக் பேசுகிறவரைத் தேடிப் போகும். முந்நூறு பேரைத் தாண்டி மேடைக்குப் போகத் தயங்குகிற பெண்கூட, உட்கார்ந்த இடத்தில் மைக் கைக்கு வந்தால் பேசுவார்.

இதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று கை மைக். நம் குரல் பட்டதும் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அதிர்ந்து குரலை மின்சாரமாக மாற்றும். மைக்குக்குள்ளேயே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அதை ரேடியோ அலையாக அனுப்பும். இன்னொன்று ரிசீவர் பெட்டி. அந்த அலையைப் பிடித்து ஆம்ப்ளிபையருக்குக் கொடுப்பது இதன் வேலை. நம் வீட்டு எஃப்.எம். ரேடியோ மாதிரியேதான். ரேடியோவில் நிலையம் மாறிப்போனால் பாட்டு கேட்காது அல்லவா? அதேபோல மைக்கும் ரிசீவரும் ஒரே அலைவரிசையில் இருந்தால்தான் பேச்சு கேட்கும்.

பொருத்தும் முறை

1. ரிசீவரை மேஜை மேல், கூட்டத்துக்கு நேராக வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ ஆம்ப்ளிபையர் தலை மேலோ வைக்கக் கூடாது. மனித உடம்பு ரேடியோ அலையைத் தடுக்கும். அதனால் ஆட்களின் தலைக்கு மேலே இருக்கும் உயரத்தில் வைப்பது நல்லது. ஏரியல் இரண்டு இருந்தால் இரண்டையும் நிமிர்த்தி, சற்று விரித்து வையுங்கள்.

2. ரிசீவரில் இருந்து வரும் வயரை ஆம்ப்ளிபையரின் மைக் துளையில் செருகுங்கள். எல்லா வால்யூம் திருகும் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். முதலில் ரிசீவரையும் மைக்கையும் போட வேண்டும், கடைசியில் ஆம்ப்ளிபையர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிபையர். இந்த வரிசை மாறினால் 'டொம்' என்ற சத்தம் வரும், ஸ்பீக்கர் கெட்டுப்போகும்.

3. கட்டை போடும் மைக் என்றால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதுக் கட்டை போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் கட்டையைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து மைக்கைக் கெடுக்கும். சார்ஜ் போடும் மைக் என்றால் முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

4. மைக்கை அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் போட்டுப் பாருங்கள். அலை வருவதைக் காட்டும் விளக்கு அப்போதும் எரிந்தால், அதே அலைவரிசையில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வேறு சேனலுக்கு மாற்றுங்கள். இரண்டு மைக்கை ஒரே சேனலில் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

5. கடைசியாக, மைக்கில் பேசிக்கொண்டே மண்டபம் முழுவதும் ஒருமுறை நடந்து பாருங்கள். தகரக் கூரை, இரும்புக் கதவு, தூண் உள்ள இடங்களில் பேச்சு விட்டு விட்டு வரலாம். எந்த மூலையில் அறுபடுகிறது என்று தெரிந்துகொண்டு ரிசீவரை நகர்த்தி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வயர் மைக் ஒன்றைக் கூடவே தயாராக வைத்திருங்கள். பிளக்கு மூன்று பின் உள்ளதாக, எர்த் இணைப்போடு இருக்கட்டும். ஈரத் தரையில், ஈரக் கையோடு வயர் மைக்கைத் தொடக் கூடாது.

மைக் ஏன் கூவுகிறது?

மைக்கில் போன குரல் ஸ்பீக்கரில் வருகிறது. அந்தச் சத்தத்தை மைக் மறுபடி பிடித்தால் அது திரும்பவும் ஸ்பீக்கருக்குப் போகும். இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் அந்த 'கூ' சத்தம். மேடை மைக் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதால் தப்பித்துவிடும். கம்பியில்லா மைக் கூட்டத்துக்குள் போகும், அதாவது ஸ்பீக்கருக்கு முன்னாலேயே போகும். அதனால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே நின்று பேசக் கூடாது. நாலு அடி தள்ளி நின்றாலே மாற்றம் தெரியும். கூவ ஆரம்பித்தால் மைக்கைக் கையால் பொத்தாதீர்கள், பொத்தினால் கூவல் கூடும். ஆம்ப்ளிபையர் பக்கத்தில் இருப்பவர் வால்யூமைக் குறைக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது?

வாயில் இருந்து மூன்று, நான்கு விரற்கடை தூரம். வலைப் பகுதியை மூடாமல் நடுவில் பிடிக்க வேண்டும். பெரும்பாலான கை மைக்குகளில் அடிப்பகுதியில்தான் ஏரியல் இருக்கும், அதையும் மூடக் கூடாது. ஊதிப் பார்க்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பேசிப் பாருங்கள். வீட்டில் பேசுகிற குரலே போதும், கத்த வேண்டாம்.

இரண்டு மைக் தோழிகள்

ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் ஆம்ப்ளிபையர் பக்கத்திலேயே இருப்பார். இன்னொருவர் மைக்கைக் கொண்டு போவார்.

கொண்டு போகிறவர் மைக்கைத் தன் கையில் பிடித்துக்கொண்டு நீட்டக் கூடாது. பேசுகிறவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். மைக் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே பேச்சை முடிக்க முடியும்! பாதியில் பிடுங்கக் கூடாது. மைக் நின்றுபோனால், "இருங்கக்கா, உக்காராதீங்க, வேற மைக்கு வருது" என்று சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தீர்மானப் புத்தகம் எழுதுபவர், பேசியவரின் பெயரையும் குழுவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்குங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய மைக்கை மலிவாகக் கொடுத்தால் அலைவரிசையைப் பாருங்கள். 2022-இல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியில் ஓடும் பழைய மைக்குகளில் இரைச்சல் வர வாய்ப்பு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குகளும் கிடைக்கின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே பகுதியில்தான் ஓடுகின்றன. எனவே ஆள் நிறைந்த இடத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு வாங்குவது நல்லது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம்.

கிராம சபையிலும்...

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் நடந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. மரத்தடியில் நடந்தாலும் பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தாலும் பெண்கள் உட்காருவது பின்னால்தான். தண்ணீர் வராததையும் தெருவிளக்கு எரியாததையும் முதலில் அறிகிறவர்களும் அவர்கள்தான். "மைக்கைப் பின்னாடி அனுப்புங்க" என்று கேட்பது தவறே இல்லை. ஊராட்சியில் கம்பியில்லா மைக் இல்லையென்றால், நம் மைக்கைக் கொண்டு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

அடுத்த மகாசபையில் நம் தோழிகள் இருவரே மைக்கைப் பொருத்தினார்கள். முதல் பேச்சைக் கடைசி வரிசையில் இருந்து ஆரம்பித்தோம். அந்த அக்காவிடம் மைக் போனது. "இப்ப வரவு ஏறிருச்சு. ஆனா பணம் கட்டுன அன்னிக்கே பாஸ்புக்குல எழுதிக் குடுக்கணும். அதை எழுதுங்க" என்றார். அது அன்றைய முதல் தீர்மானமாக ஏறியது.

குழுவில் பேசிப் பாருங்கள்

1. சென்ற மகாசபையில் உங்கள் குழுவில் இருந்து யார் பேசினார்கள்? பேச நினைத்துப் பேசாமல் வந்தவர் யார்? ஏன்?
2. உங்கள் குழுவின் இரண்டு மைக் தோழிகள் யார்? பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள்.
3. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் மைக்கைக் கையில் வாங்கி, தன் பெயரையும் ஊரையும் ஒரு குறையையும் சொல்லிப் பழகுங்கள்.