சொத்து வரி மறுமதிப்பீடு: அளவு, பயன்பாடு, பெயர் மூன்றையும் சரிபார்ப்போம்



சொத்து வரிக் கேட்புச் சீட்டு வந்ததும் நம்மில் பலர் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்கிறோம். கூடிவிட்டது என்று வருந்தியபடியே கட்டிவிடுகிறோம், அல்லது பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறோம். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வரி எதன் மீது விதிக்கப்படுகிறது?

தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வீட்டின் விற்பனை விலைக்கு வரி விதிப்பதில்லை. அந்தக் கட்டிடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்ற வாடகை மதிப்பே அடிப்படை. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, சதுர அடிக்கு ஒரு மதிப்பு வைத்திருப்பார்கள். அதைக் கட்டிடத்தின் பரப்பளவால் பெருக்கி, கட்டிடத்தின் வகை, வயது, குடியிருப்பா வணிகமா என்பதையெல்லாம் கணக்கில் கொண்டு வரி விதிக்கிறார்கள். வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும்.

2022-இல் என்ன நடந்தது?

15-ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைச் சொத்து வரிச் சீர்திருத்தத்தோடு இணைத்தது. அதையொட்டி 2022-23 நிதியாண்டின் முதல் அரையாண்டிலிருந்து தமிழகமெங்கும் பொதுச் சீராய்வு நடைமுறைக்கு வந்தது. சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புகளுக்கான உயர்வு இது:

600 சதுர அடி வரை: 25 சதவீதம்
601 முதல் 1,200 வரை: 50 சதவீதம்
1,201 முதல் 1,800 வரை: 75 சதவீதம்
1,800-க்கு மேல்: 100 சதவீதம்

வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் இதைவிடக் கூடுதல்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சதவீதம் ஏற்கனவே கட்டி வந்த வரியின் மீது சேர்க்கப்பட்டது என்பதே. பழைய பதிவில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். 2023-இல் வந்த புதிய விதிகள் ஆண்டுதோறும் உயர்த்தவும் வழி வைத்திருக்கின்றன. 2024-இல் சென்னை மாநகராட்சி 6 சதவீதம் உயர்த்தியது. ஆகவே பிழையைத் திருத்தத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இழப்புதான்.

முதலாவது: அளவு

ஒரு நகராட்சியில் 1,170 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத உயர்வில் அது 1,500 ஆகும். அதே வீடு பதிவேட்டில் 1,220 சதுர அடி என்று தவறாக ஏறியிருந்தால் 75 சதவீதம் உயர்ந்து 1,750 ஆகும். 50 சதுர அடிப் பிழைக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல்.

மறுபக்கமும் உண்டு. மாடி எடுத்துக் கட்டிவிட்டுத் தெரிவிக்காமல் இருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சில மாநகராட்சிகள் ட்ரோன் வைத்தும் கட்டிடங்களை அளந்திருக்கின்றன. அகப்படுவோம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்க குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது. தராசுக்குச் சொன்னது நம் வீட்டு அளவுக்கும் பொருந்தும். தெருவிளக்கும் குப்பை வண்டியும் இந்த வரியில்தான் ஓடுகின்றன.

இரண்டாவது: பயன்பாடு

முன்னறையில் நடந்த கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் பதிவேட்டில் வணிகம் என்றே இருக்கலாம். அப்படியானால் மனு கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் புதிதாகக் கடை வைத்திருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். பள்ளிவாசல் போன்ற பொது வழிபாட்டு இடங்களுக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விட்டிருந்தால் அவற்றுக்கும் அந்த விலக்கு தானாகக் கிடைத்துவிடாது. ஜமாஅத் நிர்வாகிகள் இதைக் கவனிக்கவும்.

மூன்றாவது: பெயர்

நம் மஹல்லாக்களில் மிக அதிகம் விடுபடுவது இதுதான். வாப்பா மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் வரி அவர் பெயரிலேயே வரும். அல்லது ஊரில் இருக்கும் மகன் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார். வரி ரசீது சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. அண்ணன் பெயரில் ரசீது வருவதால் தங்கைகளின் ஹக் போய்விடாது. அதே சமயம், இத்தனை காலம் நான்தானே வரி கட்டினேன் என்று சொல்லி சகோதரிகளின் பங்கை மறுக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த ரசீதிலிருந்தே தொடங்குகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு வாரிசுகள் அனைவரின் பெயரையும் சேர்க்க விண்ணப்பிப்பதே நேர்மை. ஒருவர் மட்டும் வரி கட்டி வந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தட்டும். மற்றவர்கள் தங்கள் பங்குத் தொகையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பாகப்பிரிவினை முறையாகப் பதிவானால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரிவிதிப்பு எண் கேட்கலாம். 2,000 சதுர அடி வீடு ஒரே எண்ணில் இருந்தால் 100 சதவீதப் பிரிவில் வரும். சம அளவில் மூவருக்குப் பிரிந்து தனித்தனி எண் பெற்றிருந்தால் ஒவ்வொன்றும் 50 சதவீதப் பிரிவில்தான் வரும்.

பிழை இருந்தால்?

வரி உயர்வு அறிவிப்பில் உள்ள காலக்கெடுவுக்குள் ஆணையர் அல்லது செயல் அலுவலருக்கு எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். நேரில் அளந்து பார்க்கும்படி கேளுங்கள். முடிவு சரியில்லை என்று கருதினால் மேல்முறையீடு செய்யலாம். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி சேரும். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை கிடைக்கும்.

வீட்டுப்பாடம்

இந்த வாரமே ரசீதை எடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்து வீட்டை அளக்கச் சொல்லுங்கள். அளவு, பயன்பாடு, பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். துணைக்கு ஆளில்லாத விதவைகள், முதியவர்கள் வீடுகளுக்கு நமது அறக்கட்டளைத் தொண்டர்கள் வந்து அளந்து, மனுவும் எழுதித் தருவார்கள். அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

நம்மீது உள்ள கடமைகளை நிறைவேற்றவும், பிறர் ஹக்கைப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.