மடியிலா, சரக்கறையிலா? பூனையோடு விமானம் ஏறுமுன்

2019 நவம்பரில் மாஸ்கோ விமான நிலையத்தில் விக்டர் என்ற பூனையை எடை பார்த்தார்கள். பத்துக் கிலோ. ஏரோஃப்ளோட் நிறுவனம் கேபினில் அனுமதிப்பது எட்டுக் கிலோதான். விளாடிவஸ்தோக் வரை எட்டு மணி நேரம் சரக்கறையில் கிடந்தால் பூனை பிழைக்காது என்று பயந்த உரிமையாளர் அன்று விமானம் ஏறவில்லை. ஊருக்குள் போய், விக்டரின் சாயலில், ஆனால் ஒல்லியாக இருந்த ஃபீபி என்ற பூனையைத் தேடிப் பிடித்தார். அடுத்த முறை தராசில் ஏறியது ஃபீபி, விமானத்தில் ஏறியது விக்டர். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். படங்களை இணையத்தில் போட்டார். நிறுவனம் காமிராப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் சேர்த்து வைத்திருந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பயண மைல்களைப் பறித்துக்கொண்டது.

ஆள்மாறாட்டத்தை விடுவோம். அவருக்கு இருந்த பயம் பூனை வளர்க்கும் எல்லாருக்கும் உள்ளதுதான். வேலை மாற்றலாகி டெல்லிக்கோ துபாய்க்கோ லண்டனுக்கோ போகும் சென்னைக் குடும்பத்தின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பூனையைக் கூடவே கேபினில் கொண்டுபோகலாம். அதே விமானத்தின் சரக்கறையில், பயணியின் லக்கேஜாக ஏற்றலாம். தனி ஏர்வே பில் போட்டுச் சரக்காக அனுப்பலாம். இல்லையென்றால் வீட்டிலேயே விட்டுப் போகலாம். எதைத் தேர்ந்தாலும் இரண்டைக் கணக்குப் பார்க்க வேண்டும்: பூனை எத்தனை கை மாறுகிறது, தரையில் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது. பறக்கும் நேரத்தில் நடக்கும் விபரீதங்கள் குறைவு. நடப்பவற்றில் பெரும்பாலானவை விமானத்துக்கு வெளியே, ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான்.

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 2011 ஆகஸ்டில் நடந்தது இதற்குச் சாட்சி. சான்ஃபிரான்சிஸ்கோ போக வேண்டிய ஜாக் என்ற பூனை, விமானத்தில் ஏற்றப்படும் முன்பே லக்கேஜ் பகுதியில் கூண்டிலிருந்து தப்பியது. தேடுவதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் சேர்ந்தது. 61 நாள் கழித்து, சுங்கப் பகுதியின் மேற்கூரை வழியாகக் கீழே விழுந்தபோதுதான் ஜாக் கிடைத்தது. பட்டினியாலும் புண்களாலும் நொந்துபோயிருந்த அதை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே கேபின் கிடைக்குமானால் கேபின்தான். கை மாறுவதே இல்லை. ஆனால் கிடைக்குமா என்பதைப் பல நேரம் போய்ச் சேரும் நாடே தீர்மானித்துவிடுகிறது. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் பூனை, நாய் எதுவானாலும் சரக்காகத்தான் வர வேண்டும். உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. ஆஸ்திரேலியாவும் அப்படியே. எமிரேட்ஸ் கேபினில் பூனைக்கு இடமில்லை, வல்லூறுக்கு உண்டு. துபாய்க்கும் பாகிஸ்தானின் சில நகரங்களுக்கும் இடையே அது பயணிகளோடு அமர்ந்து போகலாம். பாலைவன வேட்டை மரபுக்குக் காட்டும் மரியாதை! பக்கத்து அபுதாபியின் எதிஹாட் பூனைகளைக் கேபினில் ஏற்றுகிறது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே, போகும் நாட்டின் விதியையும் விமான நிறுவனத்தின் விதியையும் தனித்தனியாகப் பார்த்துவிட வேண்டும். ஒன்று அனுமதித்து மற்றொன்று மறுப்பது சாதாரணம்.

உள்நாட்டுப் பயணத்தில் குழப்பம் குறைவு. ஏர் இந்தியா வெகுகாலமாகக் கேபினில் பூனைகளை ஏற்றுகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் தொடங்கியது. இண்டிகோ ஏற்றுவதில்லை. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஆண்டுக்கு ஆண்டும் மாறுகிறது. லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ் போன்றவற்றில் எட்டுக் கிலோ. அந்த எடை கூடையையும் சேர்த்தது என்பதைப் பலர் கவுண்டரில்தான் தெரிந்துகொள்கிறார்கள். நாலு கிலோ நாட்டுப் பூனைக்குக் கவலை இல்லை. வீட்டுக்குள்ளேயே தின்று தூங்கிக் கொழுத்த பூனைக்கு உண்டு. ஒரு விமானத்தில் ஏற்றும் பிராணிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருப்பதால், பயணியின் டிக்கெட்டும் பூனைக்கான ஒப்புதலும் ஒரே நாளில் உறுதியாக வேண்டும்.

கேபினுக்குத் துணிக் கூடை நல்லது. முன்னிருக்கைக்கு அடியில் போக வேண்டுமே. துணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஜிப்பைப் பூட்டும் கொக்கி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். பயந்த பூனை மூக்காலேயே ஜிப்பைத் திறந்துவிடும். மேற்பக்கமும் திறக்கிற கூடையாக இருந்தால், இழுத்துப் பிடிக்காமல் தூக்கி எடுக்கலாம்.

கேபின் பயணத்தில் கவனம் தேவைப்படும் இடம் பாதுகாப்புச் சோதனை. கூடை எக்ஸ்ரே வழியாகப் போகும். பூனை போகக் கூடாது. அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அலறும் ஒலிபெருக்கி, உருளும் தட்டுகள், தெரியாத முகங்கள்: இந்த ஒரு நிமிடத்தில் தப்பிய பூனையைப் பிடிப்பது பெரும்பாடு. வீட்டிலேயே ஹார்னஸ் பட்டையைப் போட்டுப் பழக்கி, கூடைக்குள்ளும் அதோடே இருக்கவிட வேண்டும். கதவு உள்ள தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். மறதிக்காரர்களுக்கு ஒரு செய்தி: 2022 நவம்பரில் அதே கென்னடி நிலையத்தில், சோதனைக்குப் போன பெட்டி ஒன்றின் எக்ஸ்ரே படத்தில் பூனையின் உருவம் தெரிந்தது. மூடுமுன் பெட்டிக்குள் ஏறிப் படுத்திருக்கிறது.

சரக்கறை என்றதும் இருட்டும் குளிரும் காற்றில்லாத வெளியும்தான் பலர் மனத்தில் வருகின்றன. உயிர்ப் பிராணிகளை ஏற்றும் அறையில் கேபினில் உள்ள அதே காற்றழுத்தம் இருக்கும். வெப்பமும் கட்டுக்குள் இருக்கும். இரைச்சல் உண்டு, தனிமை உண்டு. விக்டருக்காக அதன் உரிமையாளர் பயந்ததற்குப் பாதிதான் நியாயம். மீதிப் பாதி தரையில் இருக்கிறது. மே மாதம் பகல் இரண்டு மணிக்குச் சென்னை விமான நிலையத்தின் தளத்தில் தள்ளுவண்டிமேல் காத்திருக்கும் கூண்டை நினைத்துப் பார்த்தால் போதும். அமெரிக்க நிறுவனங்கள் பல, 85 பாரன்ஹீட், அதாவது 29 செல்சியஸைத் தாண்டினால் பிராணிகளை ஏற்றத் தயங்குகின்றன. அந்தக் கணக்கு நம்மூருக்குச் சரிப்பட்டால் பிராணிகள் வருடத்தில் பாதி நாள் பறக்கவே முடியாது. எனவே இரவு விமானம், அதிகாலை விமானம், முடிந்தால் டிசம்பர் ஜனவரி. நேர் விமானம் கூடுதல் விலையானாலும் அதையே எடுக்க வேண்டும். நடுவில் ஓர் ஊரில் மாறினால், கை மாறுவதும் தரைக் காத்திருப்பும் இரட்டிப்பாகிவிடும்.

நேர் விமானத்திலும் கோளாறு நேரலாம். 2025 ஜனவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மெல்போர்னுக்குச் சரக்கறையில் போன மிட்டன்ஸ் என்ற எட்டு வயது மெயின் கூன் பூனையை இறக்க மறந்துவிட்டார்கள். ஒரு சக்கர நாற்காலி கூண்டை மறைத்திருந்ததாம். விமானம் பூனையோடு திரும்பிப் பறந்தது. விஷயம் தெரிந்ததும் விமானி சரக்கறையின் வெப்பத்தைக் கூட்டினார். மறுபடி மெல்போர்ன் வந்து சேர்ந்தபோது மிட்டன்ஸ் 24 மணி நேரத்துக்குள் டாஸ்மன் கடலை மூன்று முறை கடந்திருந்தது. கொஞ்சம் மெலிந்ததைத் தவிர வேறு கேடில்லை. கூண்டு உறுதியாக இருந்தால் ஆரோக்கியமான பூனை இவ்வளவையும் தாங்கும்.

உறுதி என்பதற்கு அளவுகோல் உண்டு. ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிர்ப் பிராணி விதிகளின்படி, பூனை முழு உயரத்துக்கு நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்ப முடிய வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் மலிவான கூண்டுகளின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கின்றன. கீழே விழுந்தால் பிளந்துகொள்ளும். உலோக போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கிய கூண்டாக வாங்கி, நான்கு மூலையிலும் கேபிள் டை கட்டிவிடுவது உத்தமம். காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடக் கூடாது.

லக்கேஜாக ஏற்றுவதா, சரக்காக அனுப்புவதா? உள்நாட்டில் லக்கேஜ் போதும். பயணி போகும் விமானத்திலேயே பூனையும் போகிறது, இறங்கியதும் கிடைத்துவிடுகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் என்றால், சரக்கைத் தவிர வழியில்லை. அப்போது ஏஜென்ட் தேவைப்படும், செலவு பல மடங்காகும். அந்தச் செலவில் ஒரு வசதியும் கிடைக்கிறது: உயிர்ப் பிராணி என்ற பதிவோடு, அதற்கென்று உள்ளவர்கள் கையில் கூண்டு போகிறது. ஏஜென்டிடம் கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டியது, எந்த ஊரில் விமானம் மாறுகிறது, அங்கே கூண்டு எங்கே வைக்கப்படும் என்பதைத்தான். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஏஜென்டைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண மூக்குள்ள பூனைக்கு. நம் நகர வீடுகளில் அதிகம் வளரும் பெர்ஷியனுக்குச் சப்பை மூக்கு. மூச்சுக்குழல் குறுகலானதால் வெப்பத்தையும் பதற்றத்தையும் அதனால் சமாளிக்க முடியாது. விமானங்களில் இறந்த நாய்களைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழ பாதி சப்பை மூக்கு இனங்கள். பூனைக்கும் அதே உடற்கூறுதான். பல நிறுவனங்கள் பெர்ஷியன், ஹிமாலயன் பூனைகளைச் சரக்கறையில் ஏற்ற மறுக்கின்றன. மறுக்காத நிறுவனம் கிடைத்தாலும், கேபின் இல்லையென்றால் பெர்ஷியனைப் பறக்க வைப்பதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சுவிடுகிறது என்றால் அது அவசர நிலை.

பூனையை அமைதிப்படுத்த மருந்து கொடுக்கலாமா என்பது மருத்துவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏஸ்புரோமசின் போன்ற பழைய மயக்க மருந்துகளை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் விமானப் பயணத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. ரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பத்தைக் காக்கும் திறன் குறையும், கூண்டு சாயும்போது கால் ஊன்றி நிற்க முடியாது. அரைமயக்கத்தில் உள்ள பிராணியை ஏற்றவே பல நிறுவனங்கள் மறுக்கும். இப்போது மருத்துவர்கள் அதிகம் நாடுவது காபாபென்டின். 2017இல் வெளியான ஒரு சோதனையில் 20 பூனைகளுக்குப் பயணத்துக்கு 90 நிமிடம் முன் 100 மில்லிகிராம் கொடுத்தபோது பதற்றம் கண்கூடாகக் குறைந்தது. தள்ளாட்டமும் சோம்பலும் எட்டு மணி நேரத்துக்குள் நீங்கின. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரிகாபலின் திரவத்துக்குப் பூனையின் பயணப் பயத்துக்கென்றே அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தது. இவை சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகள். பெர்ஷியன்களுக்குச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் பரம்பரையாக வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அளவை முடிவு செய்யக் கூடாது. எந்த மருந்தானாலும் பயணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். சரக்கறையில் தனியாகப் போகும் பூனைக்கு மருந்து வேண்டாம் என்பதே பாதுகாப்பான முடிவு. கண்காணிக்க அங்கே ஆளில்லை.

மருந்தைவிடப் பழக்கம் வலுவானது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வாரக்கணக்கில் கூடைக்குப் பழக்கப்பட்ட பூனைகள் காரில் போகும்போது மற்றவற்றைவிட அமைதியாக இருந்தன. நம் வீடுகளில் கூடை பரணில் கிடக்கும். ஊசி போடும் நாளில்தான் இறங்கும். அதைப் பார்த்ததும் பூனை கட்டிலுக்கடியில் ஒளிவதில் என்ன வியப்பு? பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே கூடையை ஹாலில் திறந்து வைத்து, அதற்குள் சாப்பாடு வைத்து, பிறகு கதவை மூடி, பிறகு தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வர வேண்டும். பூனையின் முக வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து விற்கும் ஸ்பிரேக்களும் உண்டு. அவற்றின் பலன்பற்றி ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அது படுத்த துண்டைத் துவைக்காமல் விரித்துவிடுவதற்குக் காசு செலவில்லை. பயணத்துக்கு நாலைந்து மணி நேரம் முன் சாப்பாட்டை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது.

ஆவணங்களில் பலர் தடுமாறுவது வரிசையில். ஐரோப்பாவுக்கோ பிரிட்டனுக்கோ போக முதலில் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. நம்மூரில் ஊசிதான் முதலில் போடுகிறார்கள் என்பதால் மறுபடி போட நேரிடுகிறது. இந்தியாவிலிருந்து போகும் பூனைக்கு, ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி 0.5 அலகு உள்ளது என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் நிரூபித்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 12 வாரத்தில்தான் முதல் ஊசி என்பதால், ஏறத்தாழ ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டி லண்டன் போக முடியாது. ஆஸ்திரேலியா இன்னும் கடினம்: இந்தியாவிலிருந்து நேராக அனுப்ப முடியாது, அனுமதி பெற்ற மூன்றாம் நாட்டின் வழியேதான். அங்கே போன பின் மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் குறைந்தது பத்து நாள் தனிமைக் காவல். சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் பிராணித் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும்.

நான்காவது வழியை யாரும் தீவிரமாக எடுத்துக்கொள்வதில்லை. பத்துப் பதினைந்து நாள் விடுமுறைக்கு என்றால் அதுவே சிறந்தது. பூனை ஆளோடு ஒட்டுவதைவிட இடத்தோடு ஒட்டும் பிராணி. பக்கத்து வீட்டுக்காரர் காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்து, லிட்டர் மணலை அள்ளிவிட்டுப் போனால் பெரும்பாலான பூனைகளுக்கு அது போதும். கூட்டிப்போயே ஆக வேண்டிய ஊர் மதுரை, கோவை என்றால் இரவில் காரே மேல். வயதான பூனைக்கும் நோயாளிப் பூனைக்கும், நிரந்தரமாக ஊர் மாறும்போதுகூட, நம்பகமான உறவினர் வீடு ஒரு தீர்வுதான். மனம் கேட்காது என்பது வேறு விஷயம்.

போய்ச் சேர்ந்ததும் வீடு முழுவதையும் சுற்றிக் காட்டும் ஆசை வரும். ஒரே அறையில், கதவைச் சாத்தி, கூடையைத் திறந்து வைத்துவிட்டு விலகி இருப்பது நல்லது. முதல் நாள் சாப்பிடாமல் ஒளிந்திருப்பது இயல்பு. இரண்டாம் நாளும் வாய் வைக்கவில்லை என்றால் புது ஊரின் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தொடர்ந்து பட்டினி கிடக்கும் பூனையின், அதிலும் பருத்த பூனையின், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.