முந்நூறு ரிங்கிட் மிதிவண்டியும் முப்பதாயிரம் ரிங்கிட் மிதிவண்டியும்

கழகக் கூட்டமொன்றில் தோட்டப்புற மாணவர்களுக்கு மிதிவண்டி அன்பளிப்புச் செய்வது பற்றிப் பேசினோம். கையிருப்பு 3,000 ரிங்கிட். "பேரங்காடியில் ஒரு சைக்கிள் முந்நூறு வெள்ளிதான். பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்" என்றார் ஒரு நண்பர். அனைவரும் கைதட்டினர். நான் கைதட்டவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அன்று என்னால் ஒழுங்காக விளக்க முடியவில்லை. கூட்டத்தில் சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

தம்பியின் தோள் எலும்பு

போர்டிக்சன் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். 2018 ஆம் ஆண்டு, என் தம்பிக்குப் பன்னிரண்டு வயதானபோது, அப்பா அவனுக்கு ஒரு பேரங்காடியில் 280 ரிங்கிட்டுக்கு மிதிவண்டி வாங்கித் தந்தார். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 18 கியர், தடித்த டயர், பளபளக்கும் சிவப்பு வண்ணம். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

பதினோராவது வாரம், தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் மேட்டில் அவன் பிரேக்கைப் பிடித்தான். பிரேக் பிடி கைப்பிடியை முட்டியது, வண்டி நிற்கவில்லை. சாலைக்குப் போய்விடாமலிருக்க அவனே வண்டியைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினான். இடது தோளில் காறை எலும்பு முறிந்தது. "வண்டி என்ன செய்யும்? இவன்தான் வேகமா வந்திருப்பான்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டியைப் பட்டணத்துச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைத் தவுக்கே அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். முன்சக்கரத்தைத் தாங்கும் கவை பின்பக்கம் பார்த்தபடி பூட்டப்பட்டிருந்தது. பிரேக் கம்பியைப் பிடிக்கும் நட்டு விரலால் முடுக்கிய அளவே இருந்ததால் கம்பி நழுவியிருந்தது. இரண்டையும் சரிசெய்ய அவருக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது. பதினோரு வாரமாக நாங்கள் அந்தக் கவையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அது புதுமாதிரி வடிவமைப்பு என்று நினைத்துவிட்டோம்.

கடற்கரைச் சாலையில் கண்டது

போர்டிக்சனிலிருந்து தெலுக் கெமாங், பாசிர் பாஞ்சாங் என நீளும் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் பந்தய மிதிவண்டிக்காரர்களைக் காணலாம். ஒருமுறை தெலுக் கெமாங்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், தம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டு விரலால் தூக்க முடிந்தது. எடை ஏழு கிலோ. விலை கேட்டேன், முப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் என்றார். தம்பியின் வண்டியோ பதினேழு கிலோ. விலையில் நூறு மடங்கு வித்தியாசம். அப்படியானால் வேகத்திலும் பாதுகாப்பிலும் எத்தனை மடங்கு என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது?

மிதிவண்டி ஓட்டுபவர் மூன்று எதிர்ப்புகளோடு போராடுகிறார்: காற்று, டயரின் உருளல் எதிர்ப்பு, மேட்டில் புவியீர்ப்பு. இவற்றோடு சங்கிலியிலும் குண்டுகளிலும் சிறிது ஆற்றல் வீணாகிறது.

சமதளத்தில் முதன்மை எதிரி காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாகவும் கூடும். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறனைச் செலவிட வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது வண்டியின் மீதல்ல, ஓட்டுபவரின் உடம்பின் மீது.

65 கிலோ எடையுள்ள ஒருவர் 120 வாட் திறனோடு மிதிப்பதாக வைத்துக் கணக்கிட்டேன். நிமிர்ந்து அமர்ந்து, தடித்த முள் டயரில் 10 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 28 நிமிடம் ஆகிறது. குனிந்து அமர்ந்து ஒல்லி டயரில் பந்தய வண்டியை ஓட்டினால் ஏறத்தாழ 22 நிமிடம். அதே மலிவு வண்டியில் வழுவழுப்பான டயரைப் போட்டு, நன்றாகக் காற்றடைத்து, சற்றுக் குனிந்து ஓட்டினால் 25 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். அதாவது இடைவெளியில் பாதியை டயரும் உட்காரும் முறையுமே தீர்த்துவிடுகின்றன.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டும் சாதனையில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 1996 இல் மான்செஸ்டர் ஓடுதளத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். கைகளை முன்னே முழுக்க நீட்டிய உடல்நிலை, காற்றைக் கிழிக்கும் வடிவ வண்டி. பின்னர் அனைத்துலகக் கூட்டமைப்பான யூ.சி.ஐ., பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972 இல் 49.431 கிலோமீட்டர் ஓட்டியபோது பயன்படுத்திய மாதிரியான எளிய வண்டியில்தான் இச்சாதனையை முயல வேண்டும் என விதித்தது. போர்ட்மன் 2000 இல் அதே மான்செஸ்டரில் அத்தகைய வண்டியில் ஓட்டினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர், மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர்தான் அதிகம். அவருக்கு நான்கு வயது கூடியிருந்தது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் குறைந்ததற்கு வண்டியின் வடிவமும் உடம்பின் நிலையுமே முதன்மைக் காரணம்.

எடை முக்கியமாவது மேட்டில். 100 மீட்டர் உயரம் ஏறும்போது கூடுதலான பத்துக் கிலோவைத் தூக்க ஏறத்தாழ 9,800 ஜூல் ஆற்றல் தேவை. 120 வாட்டில் மிதிப்பவருக்கு இது ஏறத்தாழ 80 நொடி. மலைப் பந்தயத்தில் 80 நொடி பெரிது. லயத்திலிருந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அது பொருட்டே இல்லை.

முப்பதாயிரம் எதற்கு?

அப்படியானால் விலையுயர்ந்த வண்டி வெறும் பகட்டா? அப்படிச் சொல்வது தவறு. கார்பன் இழைச் சட்டம் இலேசாகவும் அதே வேளை முறுக்கம் குறைவாகவும் இருக்கிறது. மிதிக்கும் விசை வளைவில் வீணாவதில்லை. கியர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரே விரலால் பிரேக்கைப் பிடித்து வேகத்தைத் துல்லியமாகக் குறைக்கலாம். நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் பதக்கத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இவை எல்லாம் தேவைதான்.

ஆனால் விலை ஏற ஏற ஒவ்வொரு ஆயிரம் ரிங்கிட்டுக்கும் கிடைக்கும் பயன் சுருங்கிக்கொண்டே போகிறது. என் மூத்த மாணவர் ஒருவரின் 2,800 ரிங்கிட் அலுமினிய வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதற்கும் முப்பதாயிரம் ரிங்கிட் வண்டிக்கும் சமதளத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு அரை நிமிட வித்தியாசம் வந்தால் அதிகம். மேலும் 2000 முதல் யூ.சி.ஐ. பந்தயங்களில் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. பணம் எவ்வளவு இருந்தாலும் பந்தயத்தில் அந்த எல்லைக்குக் கீழே போக முடியாது.

மலிவு எங்கே தோற்கிறது?

தம்பியின் வண்டி தோற்றது எடையால் அல்ல. நம் தாத்தா காலத்து இரும்புச் சைக்கிளும் இருபது கிலோ கனக்கும். பின்னால் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஓடியும், அது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. விலைப்பட்டியலில் அதுவும் ஒரு சாதாரண வண்டிதான். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

அந்தப் பழைய வண்டியில் கியர் இல்லை, சஸ்பென்ஷன் இல்லை. இருந்த சில பாகங்கள் உறுதியாக இருந்தன. எல்லாவற்றையும் கழற்றலாம், மாற்றலாம். 1941 டிசம்பர் 8 இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை மலாயா நெடுகத் தெற்கே வந்தபோது அதன் வீரர்கள் பலர் மிதிவண்டியில் வந்தார்கள். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் பரவலாக விற்கப்பட்டிருந்தன; எனவே உதிரிப் பாகங்கள் போகிற வழியெங்கும் கிடைத்தன. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்ப்படையினர் எண்ணியதாகச் சொல்வதுண்டு. 1942 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஒரு நாட்டின் கசப்பான வரலாறு அது. எனினும் பழுது பார்க்கக்கூடிய எளிய வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே சான்று.

பேரங்காடி வண்டி இதற்கு நேர்மாறு. 280 ரிங்கிட்டுக்குள் சட்டம், இரண்டு சஸ்பென்ஷன், 18 கியர், சக்கரங்கள், பிரேக் எல்லாம் அடங்க வேண்டும். விலை மாறாமல் பாகங்கள் கூடினால் ஒவ்வொரு பாகத்தின் தரமும் குறைந்தே தீரும். பிரேக் கை மெல்லிய தகடு. அழுத்தினால் தகடுதான் வளைகிறது, கட்டை ரிம்மை இறுகப் பிடிப்பதில்லை. சில வண்டிகளில் ரிம் குரோமியம் பூசிய எஃகு. மழையில் நனைந்தால் பிரேக் பெரிதும் வழுக்கும். மிதியின் மரை எளிதில் தேய்ந்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. மிதிவண்டி பெட்டியிலிருந்து முழுமையாக வருவதில்லை. யாரோ ஒருவர் அதைப் பூட்டி, முடுக்கி, சரிபார்க்க வேண்டும். சைக்கிள் கடையில் அந்த வேலை விலையிலேயே அடங்கியிருக்கிறது. தம்பியின் வண்டிக்கு அந்த இருபது நிமிட வேலை கிடைக்கவில்லை. விலையில் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

பிரேக்கைக் கழற்றிய பையன்கள்

தம்பி விழுந்த மறு ஆண்டு எங்கள் தோட்டத்துப் பையன்கள் சிலர் தங்கள் வண்டியில் பிரேக்கையே கழற்றிவிட்டிருந்ததைக் கண்டேன். "எப்படியும் பிடிக்க மாட்டேங்குது, அண்ணே. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றான் ஒருவன். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்ததை அவனுக்கு நினைவூட்டினேன். அவன் சிரித்தான். "ஒலிம்பிக்ல ஓட்டுறவங்களுக்கும்தான் பிரேக் இல்ல."

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2016 ரியோவில் வெண்கலமும் 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்ற நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் ஓட்டும் தடப் பந்தய வண்டியில் பிரேக் கிடையாது. நம் மாநிலத்திலேயே நீலாயில் உள்ள தேசிய மிதிவண்டி ஓடுதளத்தில் ஓடுபவற்றிலும் கிடையாது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. மேலும் அவ்வண்டியின் மிதி சக்கரத்தோடு சேர்ந்தே சுழல்வதால் காலாலேயே வேகத்தைக் குறைக்கலாம். லயத்து வண்டியில் அதுவும் முடியாது. வேலை செய்யாத பிரேக்கைக் கொடுத்தால், பிள்ளை அது தேவையில்லை என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும் பார்க்க வேண்டியவை

1. முன்கவையின் நுனி முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். முன் பிரேக் கவைக்கு முன்பக்கம் இருக்க வேண்டும்.

2. பிரேக்கை முழு பலத்தோடு பிடியுங்கள். பிடி கைப்பிடியைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மைத் தொட வேண்டும். டயரைத் தொடக் கூடாது.

3. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். கைப்பிடி தனியாகத் திரும்பினால் ஓட்டாதீர்கள்.

4. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் ஸ்போக் கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும்.

5. வலது மிதியை வலஞ்சுழியாகவும் இடது மிதியை இடஞ்சுழியாகவும் முடுக்க வேண்டும். இதை அறியாமல் முடுக்கினால் மரை நாசமாகிவிடும்.

6. விலை குறைவென்றால் சஸ்பென்ஷனும் பல கியர்களும் இல்லாத வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

7. பக்கத்துப் பட்டணத்துக் கடையில் அதன் டயரும் பிரேக் கட்டையும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

8. முதல் மாதம் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை எல்லா நட்டுகளையும் முடுக்குங்கள். புதிய பிரேக் கம்பி சற்றுத் தளர்வது இயல்பு.

மூவாயிரம் ரிங்கிட்டின் கணக்கு

இப்போது கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நான்கு பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட மேல்தான். ஏழைப் பிள்ளைக்குப் பந்தய வண்டி கொடு என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது இடைப்பட்ட ஒரு வழி.

தம்பி குணமான பிறகு, அதே தவுக்கேயிடம் கியர் இல்லாத பழைய இரும்பு வண்டி ஒன்றை வாங்கினோம். சரிபார்த்துத் தந்ததற்கும் சேர்த்து 350 ரிங்கிட். அதில்தான் அவன் ஐந்தாம் படிவம் முடியும் வரை பள்ளிக்குப் போனான். இடையில் இரண்டு டயர், ஒரு சங்கிலி, சில பிரேக் கட்டைகள் மட்டும் மாற்றினோம். அந்தச் சிவப்பு வண்டியோ ஓராண்டுக்குள் கியர் உடைந்து கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டது.

ஆகவே கணக்கு இது: 350 ரிங்கிட் வீதம் எட்டு வண்டிக்கு 2,800 ரிங்கிட். மீதி 200 ரிங்கிட்டுக்கு ஒரு காற்றடிக்கும் பம்பு, ஸ்பேனர் தொகுதி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள். அவற்றைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வைத்துவிடலாம். அன்பளிப்பு நாளில் மேடையில் படம் எடுத்து முடித்ததும், நம்மில் நான்கு பேர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மேற்சொன்ன எட்டையும் ஒவ்வொரு வண்டியிலும் செய்து காட்டலாம்.

பத்து எட்டாகிறது. அந்த இரண்டு பிள்ளைகளுக்காக எனக்கும் வருத்தம் உண்டு. முன்னாள் மாணவர்கள் மனம் வைத்தால் 700 ரிங்கிட் பெரிய தொகை அல்ல. ஆனால் நாம் கொடுக்கும் வண்டி மேட்டில் இறங்கும்போது நிற்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழிவாகவே வைக்கிறேன். வழிமொழிய யாராவது வேண்டும்.